அறுபத்து மூன்று டிகிரி

எங்கள் கம்ப்யூட்டர் அறையில் எதையும் மூடுகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. சன்னலைச் சொல்லவில்லை. பிப்ரவரி மாதத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையில் சன்னலைத் திறந்துவைக்கிற பைத்தியம் இன்னும் பிறக்கவில்லை. நிரல்களைச் சொல்கிறேன். ஒருவன் ஒன்றைத் திறந்தால் அது திறந்தது திறந்ததுதான். "என் மெஷின் இருநூற்றுப் பதினோரு நாளா அணையலை" என்று மார்தட்டுகிற கூட்டம் இது. மின்வெட்டில் அணைந்துபோனால் இழவு வீட்டு முகத்தோடு திரிவார்கள்.

அந்தப் பெருமையை வாயால் சொன்னால் போதாதாம். அனுப்புகிற மெயிலின் ஹெட்டரிலும் போட்டுக்கொள்வார்கள். யாரிடமிருந்து, யாருக்கு, என்றைக்கு என்று மெயிலுக்கு மேலே வருகிற வரிகள்தான் ஹெட்டர். அங்கே நம் இஷ்டத்துக்கும் வரி சேர்க்கலாம். மெயில் நிரலின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி, சாய்ந்த ஒற்றைக்குறி இரண்டுக்கு நடுவில் ஒரு ஷெல் கட்டளையை வைத்தால் போதும். அது போய் மெஷினிடம் கேட்டு, விடையை வாங்கிவந்து அந்த இடத்தில் உட்கார்த்திவிடும். பக்கத்து நாற்காலி லூசியன் பெல்லுவார் காபிப் பானையின் சூட்டை ஹெட்டரில் அனுப்புகிறவன். துறைத்தலைவருக்குப் போகிற ராஜினாமாக் கடிதத்தில்கூட காபி நூற்று நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருப்பான். நல்லவேளை, அதை அவன் அனுப்பவில்லை.

நானும் ஒன்று எழுதினேன். என்னுடையது விளையாட்டு இல்லை. என் தம்பி வெய்க்கோ உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள.

வெய்க்கோ மீன் ஆராய்ச்சி பண்ணுகிறவன். பர்பாட் என்று ஒரு மீன், பார்க்கச் சகிக்காது, நடுக்குளிரில் பனிக்கட்டிக்கு அடியில்தான் முட்டையிடும். அதை எண்ணுவதற்காக வருஷம் தவறாமல் பிப்ரவரியில் மூன்று வாரம் கெட்டில் தீவில் ஒரு குடிசையில் தனியாகக் கிடப்பான். கரையிலிருந்து ஒன்பது மைல், நடுவில் முழுக்க உறைந்த ஏரி. பேசுகிற ரேடியோ கம்பம் முதல் வாரத்திலேயே காற்றில் சாய்ந்துபோயிருந்தது. மீதி இருந்தது கம்ப்யூட்டருக்கான ரேடியோ இணைப்பு ஒன்றுதான். பாட்டரியை மிச்சம் பிடிக்க அதுவும் காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் பத்துப் பத்து நிமிஷம்தான் திறக்கும். அந்த நேரத்தில் அவன் மெயில் வரும், என் மெயில் போகும்.

அவனோ வாயைத் திறந்தால் "நல்லா இருக்கேன் அக்கா" தவிர வேறு எதுவும் சொல்லாத ஜன்மம். பத்து வயதில் கை ஒடிந்து வந்தபோதும் அதையேதான் சொன்னான். அதனால் குடிசைச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, கம்ப்யூட்டரோடு இணைத்து, அவன் மெயில் ஹெட்டரில் இரண்டு வரி சேர்த்துவிட்டேன். ஒன்று, அறையின் சூடு. இன்னொன்று, மெஷின் எத்தனை நாளாக ஓடுகிறது என்பது. சூடு ஐம்பதுக்குக் கீழே போனால் என் வீட்டுக்காரன் டென்சில் பனிவண்டியை எடுத்துக்கொண்டு போய் அவனைத் தூக்கிவந்துவிடுவான், கேள்வி கிடையாது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணியிருந்தோம். முப்பத்திரண்டில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டென்சில் ஊரில் பனிவண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். வியாழக்கிழமை தவறாமல் குடிசை அடுப்புக்கு எண்ணெயும் சாப்பாடும் கட்டிக்கொண்டு தீவுக்குப் போவது அவன் வேலை. போவதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணுவான். துறைமுகத்துக் காற்றுமானி மணிக்கு ஒரு தடவை அனுப்புகிற எண் எங்கள் திரையில் வரும், அதைக் கேட்பான். தரையிலிருந்து ஏரிப் பக்கம் அடிக்கிற காற்று இருபத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போனால் இந்த ஊரில் யாரும் பனிக்கட்டி மேல் கால் வைக்க மாட்டார்கள். அந்தக் காற்று பனியை அப்படியே கரையிலிருந்து பிய்த்து ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும்.

அந்த வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான்.

"மத்தியானத்துக்கு மேல காத்து திரும்பப் போகுதாம். இப்பவே கெளம்பவா, இல்ல ஞாயித்துக்கிழமை போகவா? பட்டறைல ரெண்டு வண்டி வேற பிரிச்சுப் போட்டுக் கெடக்கு."

"இப்ப காத்து பத்தொம்பது." காலை ஏழு மணி மெயிலைத் திறந்து ஹெட்டரைப் பார்த்தேன். "உள்ள அறுபத்து மூணு டிகிரி. சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பான் உன் மச்சான். ஞாயித்துக்கிழமையே போ."

"உன் தம்பிக்கு நம்ம வீட்டைவிட சூடா இருக்கு பாரு. நாம ரெண்டு பேரும் அங்க குடி போயிரலாம்" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

நானும் நிம்மதியாக வேலையைப் பார்த்தேன். நிம்மதியாக! அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பத்தரை மணி இருக்கும். லூசியன் காபியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். அவனுக்குப் பிறத்தியார் மெயிலை எட்டிப் பார்க்காவிட்டால் காபி இறங்காது.

"தீவுல எப்படிப் போகுது? உன் தம்பி மெஷின் எத்தனை நாளா ஓடுது? என்னோடது இருநூத்திப் பதினொண்ணு."

"போடா, உன் இருநூத்திப் பதினொண்ணைக் கொண்டு குப்பைல போடு" என்று சொல்லிக்கொண்டே காட்டினேன். ஒன்பது நாள், நாலு மணி, பன்னிரண்டு நிமிஷம்.

"நேத்தும் இதே தானே காட்டின?"

"நேத்து எப்படி இதே இருக்கும்? லூசுத்தனமாப் பேசாத."

"இல்ல ஹெல்மி. பன்னெண்டு நிமிஷம். எனக்கு ஞாபகம் இருக்கு. நாலு, பன்னெண்டு. என் தங்கச்சி பொறந்த நாள் அது, ஏப்ரல் பன்னெண்டு."

நேற்றைய மெயிலைத் திறந்தேன். ஒன்பது நாள், நாலு மணி, பன்னிரண்டு நிமிஷம். முந்தாநாள் மெயில். அதே. திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து இன்று காலை வரைக்கும் ஆறு மெயில்; ஆறிலும் ஒரு நிமிஷம்கூட நகரவில்லை. சூடும் அப்படித்தான். அறுபத்து மூன்று, அறுபத்து மூன்று, அறுபத்து மூன்று. நான் சூட்டை மட்டும் பார்த்து, "அப்பாடா, ஒரே சீரா வெச்சிருக்கான்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு மெயிலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடியும் பார்த்தேன்.

"மெஷின் ஹேங் ஆயிருச்சா?" என்றான் லூசியன்.

"ஹேங் ஆன மெஷின் மெயில் அனுப்புமா?"

என் மெஷினில் அதே வரியை எழுதி, மெயில் நிரலைத் திறந்து எனக்கே ஒரு மெயில் அனுப்பினேன். ஒரு நிமிஷம் கழித்து, நிரலை மூடாமல், இன்னொன்று. இரண்டிலும் ஒரே எண். மூடித் திறந்து மூன்றாவது அனுப்பினேன். எண் மாறியது.

அவ்வளவுதான். புரிந்துபோயிற்று. நிரல் திறக்கிறபோது ஒரே ஒரு தடவைதான் அந்தக் கட்டளை ஓடும். அப்போது வந்த விடையை வைத்துக்கொண்டு, மூடுகிற வரைக்கும் அதையே எல்லா மெயிலிலும் ஒட்டி அனுப்பும். நான் வீட்டில் சோதித்தபோது வெப்பமானிக்குப் பக்கத்தில் ஐஸ் வைத்தேன், எண் இறங்கியது. விளக்கை வைத்தேன், ஏறியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் நிரலை மூடித் திறந்துதான் பார்த்திருக்கிறேன். சோதிக்கிறபோது மூடுவோம், மற்ற நாளில் மூட மாட்டோம். என்னைப் போலவே வளர்ந்த தம்பி மட்டும் மூடுவானா? பதினைந்து வருஷம் இதே வேலை பார்க்கிறேன். முதல் வருஷப் பிள்ளை பண்ணுகிற தப்பை என் தம்பி தலையில் பண்ணி வைத்திருக்கிறேன்.

"பதறாத. திங்கக்கிழமைக்கு அப்புறம் சூடு தெரியாது, அவ்வளவுதான். நல்லாவேகூட இருக்கலாம்" என்றான் லூசியன்.

அப்போதுதான் மெயிலையே ஒழுங்காகப் படித்தேன். இத்தனை நாளும் ஹெட்டரைப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறேன், பாருங்கள். திங்கட்கிழமை பத்து வரி எழுதியிருக்கிறான், மீன் கணக்கு, கரடிக் கனவு என்று. செவ்வாய் ராத்திரிக்கு அப்புறம் இரண்டே வரி. அதிலும் ஓர் எழுத்துக்கு இரண்டு எழுத்தாக விழுந்து, பக்கத்து எழுத்தும் சேர்ந்து நசுங்கியிருந்தது. இன்று காலையில் வந்ததை வாசிக்கவே முடியவில்லை. நல்லா இருக்கேன் என்பது மட்டும் எப்படியோ தெரிந்தது.

"கையுறை போட்டுட்டு அடிச்சிருக்கான்" என்றேன்.

லூசியன் காபியைக் கீழே வைத்துவிட்டான். அறுபத்து மூன்று டிகிரி அறையில் எவனாவது கையுறை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்வானா?

பட்டறைக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்திருப்பான், ரேடியோவை அலறவிட்டிருப்பான். எடுத்துத் தொலையேன்டா, எடு! பதினோரு தடவை அடித்த பிறகு எடுத்தான்.

விஷயத்தைச் சொன்னேன். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்ப மூணு நாளா உள்ள என்ன நெலமைன்னே நமக்குத் தெரியாது."

"தெரியாது. என் தப்பு டென்சில். நான் எழுதின வரி."

"அதெல்லாம் அப்புறம் அழுவலாம். காத்து எவ்வளவு?"

நான் திரையைப் பார்த்தேன். மணி பதினொன்று ஆகி இரண்டு நிமிஷம். புது எண் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தது. தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து ஏரிக்கு. முப்பத்து நாலு.

அதற்கு மேலே பழைய வரிகள் இருந்தன. பத்து மணிக்கு இருபத்தாறு. ஒன்பது மணிக்குப் பத்தொன்பது.

முப்பத்து நாலு என்றால் அவன் போக மாட்டான். போகக் கூடாது. அப்படிப் போனவர்களில் மூன்று பேரின் பெயர் துறைமுகத்து நினைவுக்கல்லில் இருக்கிறது. கரைக்காவல் ஹெலிகாப்டரைக் கேட்கலாம், இந்தக் காற்றில் அது கிளம்புவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் வெய்க்கோ? அவன் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. டென்சிலின் முகம் நிற்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், நிற்கவில்லை.

"பத்தொம்பது" என்றேன்.

"அப்ப போயிரலாம். நாலு மணிக்குள்ள வந்துருவேன்" என்று வைத்துவிட்டான்.

லூசியன் திரையையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கரைக்காவல் நிலையத்துக்குப் போன் போட்டு, ஓர் ஆள் பனிமேல் போகிறான் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

உடனே மறுபடியும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனைத் தூக்கினேன். தூக்கினேன், வைத்தேன். மறுபடி தூக்கினேன். கடைசியில் போட்டபோது அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகு என்ன செய்ய? துறைமுகத்துக்குப் போய் நின்றேன். பன்னிரண்டு மணிக்கு முப்பத்தெட்டு என்று கரைக்காவல்காரன் சொன்னான். ஒரு மணிக்கு ஏரி நடுவில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. நூல் மாதிரி. அது தண்ணீர். அரைமணியில் அந்த நூல் சாலை அகலம் ஆகிவிட்டது. எனக்குக் கும்பிடுகிற பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதே பன்னுக்காகத்தான். அன்றைக்கு வாய் தானாக என்னென்னவோ முணுமுணுத்தது. ஒரு தடவை தம்பியைக் கொடு என்று, அடுத்த தடவை புருஷனைக் கொடு என்று. இரண்டு பேரையும் கொடு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அனுப்பினது நான்தானே.

மூன்றே முக்காலுக்கு வடக்கு முனைப் பக்கமிருந்து, யாருமே எதிர்பார்க்காத திசையில், வண்டிச் சத்தம் கேட்டது. தண்ணீர் திறந்துகொண்டதைப் பார்த்து ஐந்து மைல் சுற்றி வந்திருக்கிறான். அங்கேயும் ஓர் இடத்தில் ஏழடி அகலத்துக்குத் தண்ணீர். வண்டியை முழு வேகத்தில் விட்டுத் தண்ணீர் மேலேயே சறுக்கித் தாண்டியிருக்கிறான். பின்னால் கட்டியிருந்த சறுக்குப் பலகையில் கம்பளிச் சுருட்டலாக என் தம்பி. முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. நான் கரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல் நுனி போகலாம், உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பிணம்தான் என்று அந்த டாக்டரம்மா டென்சிலிடம் முகத்துக்கு நேரே சொன்னாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வெய்க்கோ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கை இரண்டிலும் கட்டு. டென்சில் கீழேயிருந்து கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டி வாங்கிவந்து பிட்டுப் பிட்டு அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"கெட்சப் வேணாம் மாமா. கெட்சப் ஊத்தித் தின்னா அது பேஸ்டி இல்ல."

"விரல் ரெண்டு போகப் போகுது, நாக்குத் திமிரு போகுதா பாரு. தின்னுடா."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கொட்டிவிட்டேன். "என்னை மன்னிச்சிரு வெய்க்கோ. ஹெட்டர்ல நான்தான் தப்புப் பண்ணிட்டேன். திறக்கும்போது மட்டும்தான் அந்தக் கட்டளை ஓடுது. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"எனக்குப் போன வாரமே தெரியும் அக்கா."

"என்னது?"

"மொத வாரம் தினம் மூடிட்டுத்தான் படுப்பேன். ஒரு நாள் மறந்துட்டேன். அடுப்பு தணிஞ்சு உள்ள அம்பத்தஞ்சு இருக்கு, நீ என்னடான்னா அறுபத்தாறு, சபாஷ்னு எழுதியிருந்த. அப்பவே புரிஞ்சிருச்சு. மறுபடி மூட ஆரம்பிச்சேன். செவ்வாக்கிழமை எண்ணெய்க் குழாய் வெடிச்சுப்போச்சு. இருந்த எண்ணெய் மொத்தமும் தரைல. திங்கக்கிழமை ராத்திரி மறுபடி மூட மறந்திருந்தேன், அன்னைக்குத் திறந்த மெயில் அப்படியே இருந்துச்சு. அதை மூடாம விட்டுட்டேன்."

"வேணும்னே விட்டியா?"

"மூடித் திறந்தா முப்பத்தொண்ணுன்னு வந்திருக்கும். நீ மாமாவை அனுப்பியிருப்ப. காத்து திரும்புறது எனக்கு அங்கேயே தெரிஞ்சுது. வெறகு கொஞ்சம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கிரலாம்னு பார்த்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டுப் போட்ட கையையே முறுக்கியிருப்பேன். "அப்ப மூணு நாளா எனக்குப் பொய்யி அனுப்பிட்டு இருந்தியாடா? தெரிஞ்சே பழைய எண்ணை அனுப்பினியா? நான் உன் அக்காவா, இல்ல ஏமாத்துறதுக்குன்னு வெச்சிருக்கிற ஆளா?"

டென்சில் சிரித்துவிட்டான். "விடு ஹெல்மி. பொய்க்காரப் பய, எனக்காகத்தானே சொன்னான். டேய் மச்சான், உன் அக்கா காத்து பத்தொம்பதுன்னா. அதை நம்பித்தான் நான் கெளம்பினேன். பாதி வழில மூஞ்சித் தோல் உரியுது. அந்தத் துறைமுகத்துக் காத்துமானியை மொதல்ல கழட்டிக் கடாசணும். எவனோ ஒருத்தன் சாகப் போறான் அதை நம்பி."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். லூசியன் சொல்லியிருக்க மாட்டான். காற்றுமானியைத் திட்டிவிட்டு, தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்போம்.

"காத்துமானில தப்பு இல்ல" என்றேன். "நான் சொன்னது ஒம்பது மணி எண்."

"பதினோரு மணிக்கு?"

"முப்பத்து நாலு."

"அது வர்றதுக்கு முன்னாடி சொல்லிட்டியா?"

"வந்ததுக்கு அப்புறம். பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

வெய்க்கோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். டென்சில் கையிலிருந்த பேஸ்டித் துண்டைத் தட்டில் வைத்தான். கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"முப்பத்து நாலுன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன் ஹெல்மி" என்றான். குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "வடக்கு முனை வழியா, மொதல்லேயே சுத்திப் போயிருப்பேன். கயிறு எடுத்துட்டுப் போயிருப்பேன். ஆனாப் போயிருப்பேன். இப்ப நான் போனேனா, நீ அனுப்பினியான்னு எனக்கே தெரியலை."

அவன் சொன்னது சரி. போயிருப்பான். பதினோரு வருஷம் கூடவே இருந்தும் எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தேடினேன். தம்பியிடம் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை அவனிடம் வரவில்லை. அவன் கோட்டை எடுத்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போனான்.

எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு சண்டைகூட வந்ததில்லை. நன்றாகத்தான் இருக்கிறோம். வெய்க்கோ எட்டு விரலும் இரண்டு அரை விரலுமாக மறுபடியும் தீவுக்குப் போகிறான், டென்சில் வியாழக்கிழமை தவறாமல் எண்ணெய் கொண்டுபோகிறான். பனிமேல் இறங்குவதற்கு முன்னால் துறைமுகத்துக்கு அவனே போன் போட்டு, காற்று எவ்வளவு என்று கேட்டுக்கொள்கிறான். என்னிடம் கேட்பதில்லை.